கும்பளாவின் பூமூடிக்குள் இருப்பவை

மாவனல்லைக்குக் கடல்மீன் லொறியில்தான் வந்து சேர்கிறது. கும்பளா வாங்குகிறவர்கள் பூமூடியைத் தூக்கி, பூ சிவப்பாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அடுத்த தடவை நிறத்தோடு நின்றுவிடாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே பாருங்கள். சில மீன்களில், பூவோடு பூவாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் வளையம் வளையமான உடம்போடு ஒன்று கிடக்கும். உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். மீன் வெட்டுகிறவர் பூவோடு சேர்த்து வழித்து வாளிக்குள் போட்டுவிடுவார். கேட்டால் புழு என்பார்.

கால்களை எண்ணிப் பார்த்தால் அது புழு அல்ல என்று தெரிந்துவிடும். ஏழு சோடிக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கொளுக்கி. இது இறாலும் நண்டும் சேர்ந்த ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானப் பெயர் நோரிலெக்கா இண்டிக்கா. 1840இல் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதை முதலில் விவரித்தார். உடம்பு கோணியதற்குக் காரணம் குடியிருக்கும் இடம்தான். பூவுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடத்துக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது. உணவு, மீனின் இரத்தம்.

ஐசோபொட் எனப்படும் இந்த வரிசையின் தரைவாழ் உறவினர்களைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் உக்கிய இலையைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஓடி ஒளிகிற, பதினான்கு காலுள்ள சிறு பிராணிகளும் ஐசோபொட்டுகளே. இரண்டுக்கும் உடம்பின் திட்டம் ஒன்றுதான். குஞ்சு வளர்ப்பதும் ஒரே விதம்: தாயின் வயிற்றுப் பக்கத்திலுள்ள பையில் முட்டை பொரித்து, ஒரு சோடிக் கால் குறைவாக, ஆறு சோடியோடு குட்டி வெளியே வரும். சட்டை கழற்றுவதும் ஒரே விதம்: முதலில் பின்பாதி, பிறகு முன்பாதி. கொளுக்கியால் தொங்கி வாழ்கிற ஒன்றுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாதி மெத்தென்று இருக்கும்போது மறுபாதி பிடித்துக்கொள்ளலாம்.

நோரிலெக்கா சேர்ந்த, மீனில் வாழும் குடும்பத்தில் எல்லாரும் முதலில் ஆண்கள். ஏறிய மீனில் பெண் இல்லையென்றால் ஆணாக வந்தது வளர்ந்து பெண்ணாகிவிடும். பின்னால் வருவது, அவள் இருக்கும்வரை பெரும்பாலும் சிறியதாக, ஆணாகவே காலம் தள்ளும்.

இந்தக் குடும்பத்தில் உலகப் புகழ் பெற்றது சைமோதோவா எக்சிகுவா. மீனின் நாக்கில் ஏறி இரத்தத்தை உறிஞ்ச, நாக்கு சுருங்கிப் போகும். அந்த இடத்தில் தானே உட்கார்ந்து நாக்கின் வேலையைப் பார்க்கும். கலிபோர்னியா வளைகுடாவில் பிடித்த மீன்களில் இதைக் கண்டு 1983இல் எழுதினார்கள் புரூஸ்கா, கில்லிகன் என்ற இருவர். அன்று முதல் மீன் ஒட்டுண்ணி என்றாலே எல்லாரும் இதன் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அதே குடும்பத்தின் நம் பக்கத்து இனங்களைப் பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கரை மீன்களில் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார்கள். என்னைக் கேட்டால், நாக்கின் இடத்தைப் பிடிப்பதைவிட வியப்பானது வேறு ஒன்று. அது நம் ஊர்த் தங்கமீன் தொட்டிகளிலேயே வரக்கூடியது.

தங்கமீனின் செதிளுக்கு இடையிலிருந்து வெள்ளை நூல் துண்டு போல ஒன்று தொங்கும். அதைச் சுற்றித் தோல் சிவந்திருக்கும். நூலின் நுனியில் இரண்டு சிறிய பைகள். இழுத்தால் இலேசில் வராது. தலை மீனின் சதைக்குள் நங்கூரம் போலக் கிளைவிட்டுப் புதைந்திருக்கிறது. இதுதான் லெர்னியா. உடம்பில் வளையம் தெரியாது, ஓடு கிடையாது. கால்கள் இருக்கின்றன, ஆனால் உடம்பு நீண்ட வேகத்தில் அவை நுணுக்குக்காட்டி இல்லாமல் கண்ணுக்கே படாத அளவுக்குப் பின்தங்கிவிட்டன. இதைப் பார்த்து இறாலின் சொந்தம் என்று யார் சொல்வார்கள்? லின்னேயஸே சொல்லவில்லை. 1758இல் வெளியான தன் பெரும் பட்டியலில் இதைப் புழுக்களின் கூட்டத்தில், அட்டைக்கும் கணவாய்க்கும் இடம் தந்த அதே பெரும் பிரிவில் வைத்தார். அவருக்குப் பின் வந்த கூவியேவும் இதைக் குடற்புழுக்களோடுதான் சேர்த்தார்.

வழக்கு தீர்ந்தது குஞ்சால். 1832இல் பின்லாந்துக்காரரான அலெக்சாந்தர் ஃபொன் நோர்ட்மன், இந்த வகை ஒட்டுண்ணிகளின் முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்து வெளியிட்டார். ஒற்றைக் கண், மூன்று சோடிக் கால், துள்ளித் துள்ளி நீந்தும் நடை: அசல் நோப்பிளியஸ். சிலாபம், புத்தளம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த உருவம் நன்றாகத் தெரியும்; கடல் இறாலின் முதல் குடம்பியும் இதுவே. வளர்ந்த உடம்பு எதை மறைத்தாலும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை லெர்னியாவால் மாற்ற முடியவில்லை.

அது கோப்பிபொட் என்ற இனத்தொகுதியைச் சேர்ந்தது. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெள்ளைப் புள்ளிகளாய்த் துடிப்பவற்றில் பல கோப்பிபொட்டுகள்தாம். லெர்னியாவும் சிறு வயதில் அப்படித்தான் இருக்கும். பல தடவை சட்டை கழற்றி, மீனின் மேல் கூடிய பிறகு ஆண் செத்துவிடும். பெண் மட்டும் மீனின் சதைக்குள் தலையைச் செலுத்தி, நங்கூரம் வளர்த்து, உடம்பை நீட்டி, முட்டைப்பை தொங்கவிடும். நம் ஊரைப்போல 25 பாகைக்கு மேல் வெதுவெதுப்பான நீரில் இந்தச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் புதிதாய் வாங்கியதை நேரே பழைய தொட்டியில் விடாமல் சில வாரம் தனியே வைப்பது அதனால்தான். லெர்னியாவைப் பிடுங்கி எறிந்தாலும், குடம்பிகள் நீரில் இருக்கின்றன அல்லவா? உலகம் முழுக்க இது பரவியதும் கெண்டை இன மீன்களும் அலங்கார மீன்களும் கைமாறிய வழியில்தான். மனிதரில் இவை எதுவும் குடியேறாது; கும்பளாவைக் கழுவிக் குழம்பு வைப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

இலங்கை மீன்களின் கோப்பிபொட் ஒட்டுண்ணிகளை முறையாகத் தேடியவர் பி. கீர்த்திசிங்க. 1932 முதல் கட்டுரை கட்டுரையாக எழுதி, 1964இல் அதுவரை இங்கே பதிவானவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தார். பாக்கு நீரிணைக்கு அப்பால் என். கிருஷ்ணபிள்ளை எழுதிய தடித்த நூலை இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறை 1985இல் வெளியிட்டது. இந்த ஆய்வுக்கு ஆழ்கடல் கப்பல் தேவையில்லை. ஒரு மீன் சந்தையும் நுணுக்குக்காட்டியும் பொறுமையும் போதும். நம் பல்கலைக்கழக மாணவர்கள் இதில் கை வைக்கத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை.

மூன்றாவது வகை ஆர்குலஸ், மீன்பேன். இது லெர்னியாவுக்கு நேர் எதிர். தட்டையான, கண்ணாடி போன்ற சிறு வட்டம். இரண்டு கூட்டுக் கண்கள். அடிப்பக்கத்தில், வாயுறுப்பு ஒன்று உருமாறி உண்டான இரண்டு உறிஞ்சிக் கிண்ணங்கள். வாய்க்கு முன்னால் ஓர் ஊசி. மீனின் மேல் வழுக்கி ஓடும், பிடிக்காவிட்டால் விட்டு நீந்தி வேறு மீனுக்குப் போகும். பெண் முட்டையிட மீனை விட்டு இறங்கி, கல்லிலும் தொட்டிச் சுவரிலும் வரிசை வரிசையாய் ஒட்டிவிட்டு வரும். தோற்றத்தில் குழப்பம் ஏதுமில்லை. குழப்பம் அதன் உறவினரில்தான்.

பாம்பு, பல்லி போன்றவற்றின் நுரையீரலில் பெந்தஸ்தோமிடா என்ற புழு வடிவ ஒட்டுண்ணிகள் வாழ்கின்றன. கால் கிடையாது. வாயருகே இரண்டு சோடிக் கொளுக்கி மட்டும். இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்று விலங்கியலாளர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள். நோப்பிளியஸ் குடம்பியும் இங்கே உதவிக்கு வரவில்லை. 1972இல் கே. ஜி. விங்ஸ்ட்ராண்ட் என்ற விலங்கியலாளர் வேறொன்றை எடுத்து ஒப்பிட்டார்: விந்தணு. பெந்தஸ்தோமின் விந்தணுவின் நுண் அமைப்பும் மீன்பேனின் விந்தணுவின் நுண் அமைப்பும் தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு ஒத்திருந்தன. பலர் நம்பவில்லை. 1989இல் மரபணு ஒப்பீடும் அதையே சொன்னது. இன்று இரண்டையும் ஒரே கிளையில் வைக்கிறார்கள்.

அந்தக் கிளையின் ஓர் இனம் நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் நுரையீரலில் வாழ்கிறது. அதன் முட்டை பல்லியின் எச்சத்தோடு வெளியே வரும். எச்சத்தைக் கரப்பான் தின்னும். கரப்பானின் உடம்புக்குள் குடம்பி வளரும். கரப்பானை மறுபடி பல்லி தின்னும். மீன்பேனின் மிக நெருங்கிய சொந்தம் இப்படி, தண்ணீரே தொடாமல், சமையலறைக்கும் கூரைக்கும் இடையில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.