விவசாயத்தில் இளைஞர்களுக்கு வேலை: அரசு மானியம் யாருக்கு, எவ்வளவு? சிக்கல் எங்கே?

கொட்டிவாக்கத்துக்கு ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, மறுபக்கம் ஓ.எம்.ஆர். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதியில் இன்று ஏர் ஓட்ட இடம் கிடையாது. ஒரு கிரவுண்ட் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் இங்குள்ள விடுதிகளில் தங்கி ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வேலை போகுமோ என்ற பயம் வரும்போதெல்லாம் "பேசாம ஊருக்கே போயிடலாமா?" என்ற பேச்சும் வரும்.

போனால் என்ன கிடைக்கும்? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அப்பாவின் நிலம் போதுமா?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. 2018-19 நிலவரத்தை வைத்து மத்திய அரசு எடுத்த சர்வேயில், இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய், தமிழ்நாட்டில் 11,924 ரூபாய். இது ஒரு ஆளின் சம்பளம் அல்ல, மொத்தக் குடும்பத்தின் வருமானம். அகில இந்தியக் கணக்கில் அந்த 10,218-ல் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான். கூலி வேலையில் வந்ததோ 4,063 ரூபாய். பயிரைவிட கூலியே அதிகம்!

அப்பாவின் இரண்டு ஏக்கரில் மகனும் சேர்ந்து இறங்கினால் வேலை பாதியாகும், வருமானம் இரட்டிப்பாகாது. 2023-24-ல் நாட்டில் வேலை செய்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் ஏற்கெனவே விவசாயத்தில்தான் இருந்தார்கள். அதனால் 'இளைஞர்களே விவசாயத்துக்கு வாருங்கள்' என்று மேடையில் அழைப்பது சுலபம். வயலைச் சுற்றி சம்பளம் தரும் வேலைகளை உருவாக்குவதுதான் கஷ்டம்.

தரமணியிலிருந்து வந்த யோசனை

கொட்டிவாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆரைத் தாண்டினால் தரமணி. உலக உணவுப் பரிசை 1987-ல் முதன்முதலாகப் பெற்ற எம்.எஸ்.சுவாமிநாதன், அந்தப் பணத்தைக் கொண்டு 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் அங்குதான் இருக்கிறது. 2004-ல் அமைக்கப்பட்ட தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். 2006-ல் வந்த அதன் இறுதி அறிக்கை என்றாலே 'உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை' என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். படித்த இளைஞர்களை விவசாயத்தில் தக்கவைக்க வேண்டும், அது லாபகரமாகவும் அறிவுக்கு வேலை கொடுப்பதாகவும் இருந்தால்தான் அவர்கள் வருவார்கள் என்பதையும் அவரது ஆணையம் பேசியது. அந்தப் பகுதி அவ்வளவாக விவாதிக்கப்படவில்லை.

அக்ரி கிளினிக்: எவ்வளவு மானியம்?

வேலை உருவாக்க நேரடியாக வந்த திட்டம் 'அக்ரி கிளினிக் மற்றும் அக்ரி பிசினஸ் மையம்'. 2002-ல் மத்திய அரசு தொடங்கியது. விவசாயப் பட்டம், டிப்ளமோ படித்தவர்கள் ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தால் 45 நாள் இலவசப் பயிற்சி. அதன்பிறகு மண் பரிசோதனை, நாற்றங்கால், கால்நடை சிகிச்சை, இயந்திர வாடகை என எதையாவது தொழிலாகத் தொடங்க வங்கிக் கடன் கிடைக்கும்.

தனிநபர் என்றால் 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு நபார்டு வழியாக 36 சதவீத மானியம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 44 சதவீதம். 20 லட்சம் முதலீட்டுக்கு முறையே 7.20 லட்சம், 8.80 லட்சம்.

இங்கே ஒரு விஷயத்தை நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த மானியம் கையில் கிடைக்காது. கடன் கணக்கோடு சேர்த்து தனியாக வைக்கப்பட்டு, கடைசியில்தான் கழிக்கப்படும். முதலில் வங்கி கடன் கொடுக்க வேண்டும். வங்கி மறுத்தால் மானியமும் இல்லை. பயிற்சி முடித்த எல்லோரும் தொழில் தொடங்காததற்கு இது முக்கியக் காரணம். விவசாயம் படித்தவர்கள் பலர் வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்கப் போய்விடுவதில் ஆச்சரியமும் இல்லை.

தமிழ்நாடு அரசும் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் இதே பாணியில் 1,000 'முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள்' அறிவித்தது. 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான மையத்துக்கு 30 சதவீதம், அதாவது 3 முதல் 6 லட்சம் ரூபாய் மானியம். நடத்தப்போவது வேளாண் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும்.

ட்ரோன் ஓட்டினால் வருமானமா?

இப்போது இளைஞர்களிடம் அதிகம் பேசப்படுவது இதுதான். 10-ம் வகுப்பு முடித்த, 18 வயது நிரம்பியவர்கள் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்து பைலட் சான்றிதழ் வாங்கலாம். மருந்து தெளிக்கும் ட்ரோனின் விலை லட்சங்களில் இருக்கும். வாடகை மையம் வைக்கும் வேளாண் பட்டதாரிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது.

ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்க பத்து நிமிடம் போதும். ஆனால் பூச்சி வருஷம் முழுக்க வராது. ஒரே பகுதியில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ட்ரோன் தேவைப்படும், பிறகு மாதக்கணக்கில் பேட்டரி சும்மா கிடக்கும். நெல், பருத்தி, கரும்பு என்று பயிர் மாற மாற ஊர் ஊராகப் போகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் இன்னொரு வகை வேலை இருக்கிறது. மேலாளர், கணக்காளர் என்று மாதச் சம்பள வேலை. 10,000 நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தை 2020-ல் தொடங்கிய மத்திய அரசு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குத் தருகிறது. நான்காவது ஆண்டில்? நிறுவனம் விற்று சம்பாதித்தால்தான் சம்பளம். ஆகவே அங்கே வேலைக்குச் சேர்பவர், நிறுவனம் தொடங்கி எத்தனை ஆண்டு ஆனது என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கொட்டிவாக்கத்தில் இருப்பவருக்கு?

விவசாயம் சாராத இன்ஜினீயரிங் படித்தவருக்கு அக்ரி கிளினிக் திட்டம் பொருந்தாது. நிலமோ விவசாயப் பட்டமோ இல்லாமல் தொடங்கக்கூடியது உணவு பதப்படுத்துதல். சிறுதானிய மாவு, செக்கு எண்ணெய், மசாலா, ஊறுகாய் போன்ற சிறு யூனிட்டுகளுக்கு, 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். சொந்தப் பணம் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். இதுவும் வங்கிக் கடனோடு இணைந்ததுதான். 2025-26 வரைக்கான திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் விளைவதை இங்கே கொண்டுவந்து அரைத்து, பாக்கெட் போட்டு விற்பவருக்கு ஒரு சாதகம் உண்டு. வாங்குகிற ஆள் பக்கத்து அபார்ட்மென்ட்டிலேயே இருக்கிறார். கூடவே உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் கட்டாயம். குடியிருப்புப் பகுதியில் மாவு மெஷின் போட அனுமதி கிடைக்குமா என்பதை வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

மேலே சொன்ன மானியங்களில் பெரும்பாலானவற்றுக்கு வங்கி மேனேஜரின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே மானியச் சதவீதத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. "யார் வாங்குவாங்க? மாசம் எவ்வளவு?" இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இரண்டு கடைக்காரர்களிடமாவது, ஒரு உற்பத்தியாளர் நிறுவனத்திடமாவது கொள்முதல் கடிதம் வாங்கி திட்ட அறிக்கையோடு இணைத்துக் கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் நகரும்.