மூடி வைத்த சோறு

வவுனியாவில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா. கணவர் தவறணையிலிருந்து திரும்பும்வரை பச்சைத் தண்ணீரும் அருந்தமாட்டார். வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு விளக்கு, நேர்த்திக்குமேல் நேர்த்தி.

“அவர் குடியை விடவில்லையே! என் பக்தியில்தான் குறையோ?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எனக்கு லோயிஸ் வில்சன் அம்மையாரின் நினைவு வந்தது. அமெரிக்காவில் அவருடைய கணவர் 1934இல் குடியை விட்டார். அம்மையாருக்கோ அமைதி பிறக்கவில்லை. கூட்டத்துக்குப் புறப்படச் சொன்ன கணவர்மேல் சப்பாத்தை வீசினாராம்! தம் மனமும் நொந்து கிடப்பதை அப்போதுதான் உணர்ந்தார். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென 1951இல் தோழியொருவருடன் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். குடியை நாம் உண்டாக்கவில்லை, அடக்கவும் நம்மால் ஆகாது என்பது அவர்கள் கண்ட தெளிவு.

சப்பாத்துக் கதை கேட்டு அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

சென்ற வெள்ளியும் விளக்கேற்றினார். கணவர் வரவில்லை. அவருக்குரிய சோற்றை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தாமும் உண்ண அமர்ந்ததை வேலிக்கப்பாலிருந்து கண்டேன்.