பனிக்காலமும் நம் பாதங்களும்

தவளக்குப்பத்தில் இமயத்துப் பனி பெய்வதில்லை; மார்கழி விடியலிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுதான். ஆயினும் நடவு வேலைக்குச் செல்லும் என் தாயாரின் குதிகால்கள் அப்போதுதான் வெடிக்கின்றன. காரணம் என்ன?

தோலின் மேலடுக்கு ஒரு செங்கற்சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். இடையிலுள்ள கொழுப்பே சாந்து. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது அச்சுவரே. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. எனவே அது தோலின் ஈரத்தைக் கவர்ந்துகொள்கிறது. சுடுநீரும் காரத்தன்மையுள்ள சோப்பும் சாந்தை அரிக்கின்றன. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை.

தாயார் இரவில் உலர்ந்த காலில் தேங்காய் எண்ணெய் தடவுவார், பயன் குறைவு. எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. ஆகவே காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தடவச் சொன்னேன். "படிச்ச புள்ள சொல்லுது, செஞ்சு பாப்போம்" என்று சிரித்தார். பொங்கலன்று வாசலில் கோலமிட வலியின்றி நடந்தார்.

நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் காலை ஊறவைக்கலாகாது; சிறு வெடிப்பாயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தோலைப் பேணுவது முகப்பூச்சு வாங்குவோர் காரியம் மட்டுமன்று. உழைக்கும் கால்களுக்கும் அது உரியது.