பல்கலைக்கழக வளாகங்களில் மின்னாற்றல் திறன் மேம்பாடு: அளவீடும் முன்னுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக வளாகங்களில் ஆற்றல் திறன் பற்றிய முயற்சிகள் பெரும்பாலும் கருவிகளை மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கருவியை முதலில் மாற்றுவது, அதன் பயனை எவ்வாறு உறுதிசெய்வது, அப்பொறுப்பு யாருடையது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இயங்கும் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு முன்னுரிமையை வகுப்பதே பொருத்தமானது என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீட்டின்வழி விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ஆற்றல் திறன், ஆற்றல் தணிக்கை, உச்ச மின்தேவை, திறன் காரணி, மின்விசிறி, மாணவர் விடுதி.

முன்னுரை

சிக்கனம் வேறு, திறன் வேறு. விடுதியில் மின்விசிறி இயங்கும் நேரத்தைக் குறைப்பது சிக்கனம். அதே காற்றைக் குறைந்த மின்சாரத்தில் பெறச் செய்வது திறன். முன்னதில் மாணவர் எதையேனும் இழக்கின்றனர். பின்னதில் எவரும் எதையும் இழப்பதில்லை. இவ்வேறுபாட்டை உணராத நிறுவனங்களில் ஆற்றல் சேமிப்பு என்பது தடைகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றது.

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் ஆற்றல் திறன் செயலகம் 2002இல் தொடங்கப்பட்டது. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இல் வெளிவந்து 2017இல் திருத்தப்பட்டது. எனினும், இவ்விதித்தொகுப்பு புதிதாக எழுப்பப்படும் பெரிய கட்டடங்களை முதன்மையாகக் கருதியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966இலும், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் 1982இலும் தோற்றம் பெற்றவை. இத்தகைய நிறுவனங்களின் பழைய கட்டடங்களில் திறனை உயர்த்துவது அந்தந்த நிறுவனத்தின் கடமையாகவே எஞ்சுகின்றது.

அளவீடே அடிப்படை

உயரழுத்த மின் இணைப்பைப் பெற்ற வளாகம் பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்துவதில்லை. மாதத்தில் பதிவான உச்ச மின்தேவைக்கும் கட்டணம் உண்டு. திறன் காரணி குறிப்பிட்ட அளவிற்குக் கீழே சென்றால் கூடுதல் தொகையும் செலுத்த நேரிடும். மின்தேக்கிகளை முறையாகப் பராமரிப்பதால் திறன் காரணி சீராகும். நீரேற்று மோட்டார்களை வகுப்பு நேர உச்சத்தில் இயக்காமல் வேறு நேரத்திற்கு மாற்றினால் உச்ச மின்தேவை குறையும். இவ்விரண்டிற்கும் பெருஞ்செலவு தேவையில்லை.

ஆனால், முழு வளாகத்திற்கும் ஒரே மின்அளவியே இருக்கும்போது எந்தக் கட்டடம் எவ்வளவு நுகர்கின்றது என்பது தெரியவராது. ஆகவே, கட்டடந்தோறும் துணை அளவி பொருத்துவது முதற்பணியாகும். அதன்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் எத்தனை யூனிட் என்னும் குறியீட்டைக் கொண்டு கட்டடங்களை ஒப்பிடலாம். ஆய்வகத்தை ஆய்வகத்தோடும் விடுதியை விடுதியோடும் ஒப்பிடுவதே முறை. ஆழ்உறைவிப்பான்கள் இரவும் பகலும் இயங்கும் உயிரியல் துறையை மொழித்துறையோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

முன்னுரிமையைத் தீர்மானிக்கும் காரணி

பழைய வகைக் கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்திறனை ஏற்கின்றது. தூரிகையற்ற நேர்மின் மோட்டார் கொண்ட விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதுமானது. இயங்கும் ஒவ்வொரு மணிநேரத்திலும் 45 வாட்-மணி மிச்சமாகின்றது. இதன் ஆண்டுப் பயன் விசிறி எங்கே தொங்குகின்றது என்பதைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டிற்காக, புதிய விசிறிக்கான கூடுதல் விலை 1,500 ரூபாய் எனவும் ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் எனவும் கொள்வோம்.

1. விடுதி அறை: நாளொன்றுக்கு 16 மணிநேரம், ஆண்டிற்கு 250 நாள்கள். சேமிப்பு 180 யூனிட், அதாவது 1,440 ரூபாய். கூடுதல் விலை ஓராண்டிற்குச் சற்று மேலான காலத்தில் மீள்கின்றது.

2. வகுப்பறை: நாளொன்றுக்கு 6 மணிநேரம், ஆண்டிற்கு 200 நாள்கள். சேமிப்பு 54 யூனிட், அதாவது 432 ரூபாய். மீள்வதற்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆகும்.

3. கருத்தரங்கக் கூடம்: ஆண்டிற்கு 200 மணிநேரம். சேமிப்பு 9 யூனிட், அதாவது 72 ரூபாய். மீள்வதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகும்.

ஒரே கருவி, ஒரே விலை. எனினும் பயன் இருபது மடங்கு வேறுபடுகின்றது. பார்வையாளர் கண்ணில் படும் நிர்வாகக் கட்டடத்திலும் கருத்தரங்கக் கூடத்திலும் புதிய கருவிகளை முதலில் பொருத்தி, விடுதியை இறுதிக்கு ஒதுக்கும் வழக்கம் பொருளாதார நோக்கிலும் பிழையானது என்பது இதனால் பெறப்படும். விளக்குகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் ஏற்கும் பழைய குழல்விளக்கை 20 வாட் எல்.இ.டி. விளக்காக மாற்றும்போது, நாள் முழுதும் எரியும் நூலகமும் இரவெல்லாம் எரியும் விடுதித் தாழ்வாரமும் முதலிடம் பெறவேண்டும்.

குளிரூட்டிகளைப் பொறுத்தவரை மாற்றுவதற்கு முன் சரிசெய்யத்தக்கது வெப்பநிலை அமைப்பாகும். ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என ஆற்றல் திறன் செயலகம் கணிக்கின்றது. கணினி ஆய்வகத்தின் அமைப்பை 18 பாகையிலிருந்து 24 பாகைக்கு உயர்த்தினால் குளிரூட்டலுக்கான நுகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும்.

பொறுப்பும் நடைமுறையும்

மின்கட்டணத்தைச் செலுத்துவது நிதிப்பிரிவு. கருவிகளைப் பயன்படுத்துவது துறைகள். கொள்முதல் செய்வது வேறொரு பிரிவு. சேமித்த துறைக்குச் சேமிப்பில் பங்கில்லை. குறைந்த விலைப்புள்ளியை மட்டும் நோக்கும் கொள்முதலில், கருவியின் ஆயுட்கால மின்செலவு கணக்கில் வருவதில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே நட்சத்திரக் குறியீட்டையும் வாட் அளவின் உச்ச வரம்பையும் குறிப்பிட்டால் இக்குறை நீங்கும்.

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவின் மதிப்பீட்டில் ஆற்றல் சேமிப்பும் தணிக்கையும் இடம்பெற்றுள்ளன. தணிக்கை அறிக்கை குழுவின் வருகைக்காக மட்டும் உருவாக்கப்படுமாயின் அது கோப்பிலேயே முடங்கும். பரிந்துரைகளுள் எத்தனை நிறைவேறின என்பதைத் துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவதே அதனைச் செயலாக்கும் வழியாகும்.

முடிவுரை

கட்டடந்தோறும் அளவீடு, இயங்கும் நேரத்தின்படி முன்னுரிமை, ஆயுட்காலச் செலவின்படி கொள்முதல் ஆகிய மூன்றும் இவ்வரிசையிலேயே அமைய வேண்டும். கூரைமேல் சூரிய மின்தகடுகளின் அளவைத் தீர்மானிப்பது இவற்றிற்குப் பிந்தைய பணியாகும். வீணாகும் மின்சாரத்திற்கும் சேர்த்துத் தகடுகள் அமைப்பது முதலீட்டை மிகைப்படுத்தும். மிக நீண்ட நேரம் மின்சாரம் பயன்படும் இடம் மாணவர் வாழும் இடமாக இருப்பதால், திறன் மேம்பாடு அங்கிருந்தே தொடங்குதல் கணக்கிற்கும் உகந்தது. மாணவர் நலனுக்கும் உகந்தது.