விதை நெல்லும் பள்ளி விஞ்ஞானச் சங்கமும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னரும், குன்றத்தூரைச் சுற்றிய கிராமங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நெல் பயிரிடுவோர் இருக்கின்றனர். சொந்த அறுவடையில் எடுத்துவைத்த நெல்லை விதைப்போர்க்கு, நாற்றங்கால் திட்டுத்திட்டாக முளைத்த பிறகே விதையின் குறை புலப்படுகிறது. அப்பொழுது மறுபடி விதைத்தால் செலவு இரட்டிப்பாவதோடு பருவமும் தவறும்.

இந்நஷ்டத்தைத் தடுக்கும் பரிசோதனையைப் பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடலாம். அரசினர் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினர் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் பொருட்டு, 2022-ஆம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி வானவில் மன்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. இத்தகைய சங்கங்களுக்கு விதை நெல்லைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை.

செய்முறையாவது: மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் நெல் எடுத்துக் கலந்து, கைக்கு வந்தபடி 400 விதைகளை எண்ண வேண்டும். பிள்ளைகள் பருத்த மணிகளையே பொறுக்க முனைவர். அதற்கு இடங்கொடுத்தால் சோதனை பொய்யாகும். நனைத்துப் பிழிந்த துணியில், வரிசைக்குப் பத்தாக நூறு விதை பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். இவ்வாறு நான்கு சுருள்கள். ஈரம் காயலாகாது, நீர் தேங்கவுங் கூடாது. 5-ஆம் நாளும் 14-ஆம் நாளும் பிரித்து, வேரும் தண்டும் குறைவின்றி வளர்ந்தவற்றை மாத்திரம் எண்ணி, நான்கின் சராசரி காண்க. ஊனமுற்ற முளைகளைக் கணக்கிற் சேர்த்தலாகாது.

சான்று பெற்ற நெல் விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு நூற்றுக்கு 80. சோதனையில் 60 மட்டுமே முளைத்தால், ஏக்கருக்கு 24 கிலோ போதுமான இடத்தில் 32 கிலோ வேண்டியிருக்கும். அத்தகைய விதையில் வீரியமும் குறைந்திருக்கக் கூடுமாதலால், வேறு விதை தேடுவதே உத்தமம். ஆனால் ஒன்று: புதிதாய் அறுத்த நெல் சில வாரம் உறக்க நிலையில் இருப்பதுண்டு. நல்ல விதையும் அப்பொழுது முளையாது. அறுவடையாகிச் சில நாட்களே ஆன நெல்லானால், சில வாரங் கழித்து மறுமுறை சோதித்த பின்னரே தள்ள வேண்டும்.

உபாத்தியாயர் ஒவ்வொரு மாதிரிக்கும் ரகம், அறுவடை மாதம், சேமித்த விதம் ஆகியவற்றை ஏட்டிற் குறித்துவைத்தல் அவசியம். சாக்கில் கிடந்த நெல்லும் நன்குலர்த்திக் காற்றுப் புகாமல் வைத்த நெல்லும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது இரண்டொரு வருஷத்தில் அவ்வேட்டிலிருந்தே விளங்கும். விதை வாங்கியதில் வழக்கு நேர்ந்தால் பள்ளிக் கணக்கு சட்டத்திற்குச் செல்லாது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி விதை ஆய்வாளரிடமே முறையிட வேண்டும். பையின் அட்டையையும் ரசீதையும் எறிந்துவிடலாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் செய்யத்தக்க உதவி, எந்நாளில் மாதிரி கொடுக்க வேண்டுமென்பதை ஊரார்க்கு அறிவிப்பதே. பங்குனியிற் பரீட்சை நெருங்குவதால் சொர்ணவாரி விதையை மாசியிலேயே பள்ளிக்கு அனுப்புவது நலம். ஆவணியில் சம்பாவுக்கு விதைப்போர் ஆடி முதல் வாரத்தில் கொடுத்தால், முடிவு தெரிந்து வேறு விதை வாங்கவும் நாள் இருக்கும்.