சைக்கிள் ஷார்ட்ஸ்: பேடு தடிமனா இருந்தா போதுமா?

போன எபிசோட் கியர் பத்தி. ஆனா வந்த கேள்விகள்ல பாதி கியர் பத்தியே இல்ல. "நாப்பது கிலோமீட்டர் தாண்டினா சீட்ல உட்காரவே முடியல, என்ன பண்றது?" எல்லாரும் கேட்கக் கூச்சப்படுற விஷயம். அதனால என் கதையிலயே ஆரம்பிக்கிறேன்.

என்னோட முதல் 200 கிலோமீட்டர் ப்ரெவே. 13 மணி 30 நிமிஷத்துல முடிக்கணும். ஈசிஆர்ல எதிர்காத்து இருந்தாலும் கால்ல தெம்பு இருந்துச்சு. 140 கிலோமீட்டர்ல நான் நின்னதுக்குக் காரணம் கால் இல்ல. தொடை இடுக்குல தோல் உரிஞ்சு எரிய ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு நாள்ல அது கட்டியாச்சு. ஒரு வாரம் ஆபீஸ்ல நின்னுக்கிட்டே கோட் எழுதினேன். கேட்டவங்ககிட்ட முதுகுவலின்னு சொன்னேன்.

அன்னிக்கு நான் போட்டிருந்தது கடையில இருந்ததுலயே தடிமனான பேடு. விரலால அமுக்கினா மெத்தை மாதிரி இருந்துச்சு, உடனே வாங்கிட்டேன். தப்பு அங்கதான். அவ்வளவு லேசா அமுங்குற நுரை, நம்ம எடை விழுந்ததும் தட்டையாயிடும். உட்காரும்போது எடையைத் தாங்குறது இடுப்பெலும்போட அடியில இருக்கிற ரெண்டு முனைகள். அந்த இடத்துல நுரை அடர்த்தியா இருக்கணும், ஓரம் போகப் போக மெலிசாகணும். ஓரமும் தடிமனா இருந்தா இடுக்குல மடிஞ்சு ஒவ்வொரு மிதிக்கும் உரசும். நிமிஷத்துக்கு 80 சுத்துன்னா மணிக்கு 4,800. எட்டு மணி நேரத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க.

வேகமா ஓட்டுறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. குனிஞ்சு ஓட்டும்போது இடுப்பு முன்பக்கம் சாயும், அழுத்தமும் கூடவே முன்னாடி நகரும். நிமிர்ந்து ஓட்டுறவங்களுக்கான பேடு இதுக்கு உதவாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பேடோட வடிவமே வேற, அதனால வீட்ல ஒருத்தரோடதை இன்னொருத்தர் போட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

கடையில போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னாடி நிமிர்ந்து நிக்காதீங்க. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனியுங்க. நிக்கும்போது தோள்பட்டையை இழுக்கிற பிப் ஷார்ட்ஸ், குனிஞ்சதும் சரியா உட்காரும். பேடு தோலோட ஒட்டியிருக்கணும். லூசா இருந்தா நகரும், நகர்ந்தா உரசும். நான் பிப் கட்சி. இடுப்புல எலாஸ்டிக் வெட்டாது, பேடும் இடம் மாறாது. பாத்ரூம் போறதுதான் பெரும்பாடு, ஜெர்சியையே கழட்டணும்.

உள்ள ஜட்டி போடக் கூடாது. ஆமா, நிஜமாத்தான். அதோட தையலும், வேர்வையில நனைஞ்ச பருத்தியும்தான் பாதிப் பேரோட பிரச்சினை. நம்ம ஊர் புழுக்கத்துக்கு க்ரீமும் தடவிக்கலாம். முன்னாடி இந்த பேடு ஷாமிங்கிற மலை ஆட்டோட தோல்ல செஞ்சது. காஞ்சா விறைச்சுப் போற அந்தத் தோலை மிருதுவாக்கத்தான் க்ரீமே வந்தது. இப்ப ஆடு போயிடுச்சு, பேர் மட்டும் நிக்குது.

இவ்வளவும் பார்த்தும் வலிச்சா சீட் உயரத்தைப் பாருங்க. அதிகமா இருந்தா இடுப்பு பக்கவாட்டுல ஆடும், எந்த ஷார்ட்ஸும் காப்பாத்தாது. எனக்கு அதுவும் இருந்துச்சு. ரெண்டையும் மாத்தின பிறகு அதே 200-ஐ நேரத்துக்குள்ள முடிச்சேன்.

ஓட்டி வந்த அன்னிக்கே துவைங்க. கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊத்தாதீங்க, பேடு வேர்வையை உறிஞ்சாது. நிழல்ல உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி காயப்போடுங்க.

எப்ப மாத்தணும்னு கேட்டிருந்தீங்க. பின்பக்கத் துணியை வெளிச்சத்துல இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் தெரிஞ்சா மாத்திடுங்க. பின்னாடி ஓட்டி வர்றவங்க கூச்சத்துல சொல்ல மாட்டாங்க.