ரங்கநாயகி என்னும் திருநாமம்

செஞ்சிக்கோட்டைக்குச் சற்று வடக்கே, சிங்கவரம் என்னும் சிற்றூரின் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில் ஸ்ரீரங்கநாதன் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டருள்கிறான். திருமேனி சுமார் 24 அடி நீளமுடையது. 1714-இல் தேசிங்குராஜன் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் புறப்படுமுன் இப்பெருமானிடம் விடைபெற வந்தானென்றும், பெருமான் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டானென்றும் நாட்டுக்கதை கூறும். கதை எவ்வாறாயினும் ஆகுக. ஈண்டு ஆராயப் புகுவது அத்தலத்துத் தாயாரின் திருநாமம். ரங்கநாயகி என்னும் அந்நாமம் தமிழ்நாட்டு வைஷ்ணவ இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்களுக்கு இடப்பட்டு வருவது.

இப்பெயரைப் பற்றி இரண்டு ஐயங்கள் எழக்கூடும். ஆறு சூழாத குன்றின்மேல் 'ரங்கம்' என்பதற்குப் பொருள் யாது என்பது ஒன்று. வடமொழி இலக்கணப்படி 'நாயிகா' என்றன்றோ இருத்தல் வேண்டும், 'நாயகி' என்பது வழுவாகாதோ என்பது மற்றொன்று. முன்னது எளிது, பின்னதே ஊன்றி நோக்கத்தக்கது.

தமிழில் அரங்கம் என்பது ஆற்றிடைக்குறைக்கும் ஆடுமிடத்திற்கும் பெயர். காவிரி நடுவில் அமைந்த ஸ்ரீரங்கபட்டணம், சிவஸமுத்ரம், ஸ்ரீரங்கம் ஆகிய மூன்றையும் ஆதிரங்கம், மத்யரங்கம், அந்த்யரங்கம் என்று வழங்குவது முதற்பொருளுக்குப் பொருந்தும். ஆயின் மணலூர்ப்பேட்டையை அடுத்த ஆதிதிருவரங்கம் தென்பெண்ணையின் கரையிலுள்ளதேயன்றி நடுவிலுள்ளதன்று. சிங்கவரமோ மலை. இவ்விடங்களுக்கும் இசையும்படி பெரியோர் கூறும் நிருக்தி வேறொன்றுண்டு. திருப்பாற்கடலையும் ஸூர்யமண்டலத்தையும் யோகிகளின் ஹ்ருதயத்தையும் விட எங்கே எம்பெருமான் ரதியை, அதாவது உகப்பை, அடைந்தானோ அதுவே ரங்கம் என்பதாம். அவன் உகந்து கிடக்குமிடமெல்லாம் ரங்கமாயின், சிங்கவரத்துக் குன்றும் ரங்கமேயாம். அங்குள்ள பிராட்டி ரங்கநாயகி என்னப்படுதற்கு ஆறு வேண்டுவதில்லை.

எழுத்து வேறுபாடுகளையும் இங்கேயே கூறிவிடலாம். ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்ட மரபு. வடசொல்லில் ரகரம் முதலாயின் அ, இ, உ ஆகிய குறில்களுள் ஒன்று முன்னே தோன்றும் என்பது நன்னூல். இராமன், உரோமம் என்பன போல அரங்கநாயகி என்றாகும். ரெங்கநாயகி என்று எழுதுவோரும் பலர். ரத்தம் ரெத்தம் என்றும், கங்கை கெங்கை என்றும், பலம் பெலம் என்றும் பேச்சில் திரிவது போன்றதே இத்திரிபு. இதனைப் பிழையென்று இகழ வேண்டா; நாவின் இயல்பு அது. ரங்கநாச்சியார் என்பது கோயில் வழக்கு. தெலுங்கு நாட்டில் ரங்கநாயகம்ம என்றும் ரங்கம்ம என்றும் வழங்கும். நம் வீடுகளில் ரங்கம்மாள்.

இனி 'நாயகி' என்னும் ஈறு. நயதி, நடத்துகிறான் என்னும் பொருளில் ண்வுல் ப்ரத்யயம் பெற்று நாயக சப்தம் பிறக்கும். அதற்குப் பெண்பாலில் டாப் வந்து, ககாரத்திற்கு முன்னுள்ள அகாரம் இகாரமாகி, 'நாயிகா' என்றாகும். தானே நடத்துகிறவள் என்பது அதன் பொருள். இதுவே பொதுவிதி. இவ்விதியொன்றையே கொண்டு ரங்கநாயகியை 'ரங்கநாயிகா' என்று திருத்த முற்படுவது அவஸரமாகும். ஏனெனில் பாணினி நான்காம் அத்யாயத்தின் முதற்பாதத்தில், புருஷனோடு உள்ள ஸம்பந்தத்தால் அவன் பெயரே மனைவிக்கும் ஆகுமிடத்து ஙீஷ் வரும் என்று வேறொரு விதி செய்திருக்கிறார். கணகனுடைய மனைவி கணகீ என்பது அதற்குக் காசிகை காட்டும் உதாஹரணம். அங்கே ஆப் ப்ரத்யயம் இன்மையால் இகாரமும் வாராது. பாலக என்று முடியும் சொற்களுக்கு இவ்விதியை வார்த்திகம் விலக்குகிறது. கோபாலகனின் மனைவி கோபாலிகா. நாயக சப்தத்திற்கோ அவ்விலக்கு இல்லை. ஆகவே ரங்கநாயகன் என்னும் பெயருடையானின் தேவி ரங்கநாயகீ என்பது வழுவற்ற சாதுப்ரயோகம்.

தமிழிலோ இச்சொல்லின் நடை வேறு. நாயகன், நாயகி என்பன தலைவன், தலைவி போல நேரே நிற்கும் ஆண்பால் பெண்பாற் சொற்கள். அரங்கத்துக்குத் தலைவி அரங்கநாயகி. அவள் தலைமைக்கு இடையில் மற்றொருவர் பெயர் வேண்டுவதில்லை. ஆக, ஒரே பெயரை வடமொழியாகக் கொண்டால் அவனாலே அவள் அறியப்படுகிறாள். தமிழாகக் கொண்டால் அவள் தானே ஆள்கிறாள். பிராட்டியின் ஸ்வரூபத்தைக் குறித்து நம் ஆசார்யர்கள் நெடுங்காலம் விசாரித்த பொருள் இவ்வைந்தெழுத்துப் பெயருக்குள் அடங்கியிருப்பது வியப்பன்று.

இவ்விரண்டும் முரணாகாமைக்குப் பராசரபட்டர் வழிகாட்டியிருக்கிறார். ஸ்ரீரங்கநாச்சியாரின் திருமுன்பே வளர்ந்தவரென்று புகழ்பெற்ற அவர் அருளிய ஸ்ரீகுணரத்நகோசம் 61 ச்லோகங்களையுடையது. அதில் அவர் கருத்து: பிராட்டி எம்பெருமானுக்கு உடைமை, அவன் ஏற்றமோ அவளை இட்டு வந்தது, அதனால் அவன் ஸ்வாதந்த்ர்யத்திற்குக் குறைவில்லை. தன் ஒளியால் விலைபெறும் ரத்நத்தைப் பிறரால் பெருமை பெற்றதென்று எவரும் சொல்லார், அவ்வொளி அதனுடையதே ஆகையால். ஙீஷ் காட்டும் உடைமையும் தமிழ் காட்டும் தலைமையும் இத்த்ருஷ்டாந்தத்தில் ஒருங்கே நிற்கின்றன. இலக்கணத்தைத் தனியே வைத்து ஒரு பக்கத்தைச் சாதிக்க முயல்வார் பட்டர் திருவாக்கையும் உடன்வைத்து நோக்குதல் நன்று.

பெயரிடுதலில் இது எவ்வளவு பயன்படும் எனின், ஆபஸ்தம்ப க்ருஹ்யஸூத்ரம் பெண்குழந்தையின் பெயர் ஒற்றைப்பட்ட அக்ஷரங்களால் ஆக வேண்டும் என்கிறது. மனு, அது நெடிலில் முடிந்து மங்களமாகவும் எளிதில் உச்சரிக்கத் தக்கதாகவும் இருக்கவேண்டும் என்கிறார். ர, ங்க, நா, ய, கீ என ஐந்து அக்ஷரமாய் ஈகாரத்தில் முடியும் இந்நாமம் இரண்டுக்கும் இசைகிறது. தமிழெழுத்தில் ஈற்றைக் குறிலாக எழுதுவது தமிழ் மரபு. ஸங்கல்பத்தில் நெடிலாகவே உச்சரிக்க வேண்டும். பெரியாழ்வார் பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமத்தை இடுமாறு தாய்மாரை நோக்கி ஒரு திருமொழியே அருளிச்செய்தார். ரங்கநாயகி என்று பெண்ணை அழைக்குமிடத்து அவன் உகந்த இடமும் அவளும் ஒருசேர நாவில் வருகின்றனர். வீட்டில் ரங்கா என்றும் ரங்கு என்றும் குறுக்கி அழைக்கினும் ரங்கம் நிற்கிறது, நாயகி மறைகிறாள். ஆதலின் குறுக்கம் வீட்டளவில் இருக்க, ஸங்கல்பத்திலும் அர்ச்சனையிலும் முழுநாமம் சொல்லுவதே முறை. அர்ச்சனையில் நான்காம் வேற்றுமை 'ரங்கநாயக்யை' என்றே வரும். 'ரங்கநாயிகாயை' என்பது வேறொரு சொல்லின் உருபு.